பூமியை விட்டுவிட்ட சூரியக் குடும்பம்

அக்கா,

இன்று காலை அஸ்தம்பட்டியில் என் மகன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்தார்கள். பெயின்டர் டப்பாவைத் திறந்து தின்னரை ஊற்றிக் குச்சியால் கலக்கினான். அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கையில் இருந்த காப்பி டம்ளர் ஆட ஆரம்பித்துவிட்டது. மருமகள் ஓடிவந்து, "ஏனுங்க மாமா, சுகர் எறங்கிடுச்சுங்களா?" என்றாள். சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பு அறையில், மூடியிருந்த துணியை ஹெட்மாஸ்டர் இழுத்தபோது வந்த வாசம் அது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. அந்த வாசத்துக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

அந்தக் கதையை நான் சொல்லாத இடம் உண்டா? கல்யாணப் பந்தலில் சொன்னேன். லாரி ஆபீஸில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிய பிறகும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி ஒரு வருஷம் காரில் வந்தார், அடுத்த வருஷம் முன்னால் ஒரு கார் பின்னால் ஒரு கார் வைத்துக்கொண்டு வந்தார். நீ பந்தி ஓரத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாய். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. இன்றைக்கு உனக்கே எழுதுவதால் வளர்க்காமல் எழுதப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் வேலையில் இருந்தேன். சேலத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் என் கை படாத லாரி ரோட்டில் ஓடாது என்று சொல்வேன். சரி, ஒரு இருபது முப்பது லாரி என்று வைத்துக்கொள். முன் நெற்றியில் தாமரை, கதவில் மயில், பின்பக்கம் நாக்கை நீட்டிய பூதம், எல்லாம் என் கை. படித்தது ஆறாம் வகுப்புப் பாதி. நீயோ ஆசிரியப் பயிற்சி முடித்து வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகத் தற்காலிக டீச்சர். மச்சானுக்குத் தறிக் குழியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டிருந்தது. உன் வேலைதான் அந்தக் குடும்பத்துக்கு நின்ற ஒரே கால். அந்தக் காலுக்கும் ஆபத்து வந்தது. பள்ளித் தாளாளரின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி பயிற்சி முடித்துத் தயாராக இருந்தாள். கல்வி அதிகாரி வந்து உன் பாடத்தைப் பார்ப்பார், நல்லபடியாக எழுதினால் நீ நிரந்தரம், குறை எழுதினால் கோடை லீவோடு நீ வீட்டுக்கு. அவ்வளவுதான் சங்கதி.

அதிகாரி வருவதற்குப் பத்து நாள் முன்னால் நீ பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தாய். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கையில் இரண்டாக மடித்த ஒரு சீட்டு.

"தம்பி, சூரியக் குடும்பம் மாடல் ஒண்ணு வேணும். மரப்பந்து கடைஞ்சு, பெயின்ட் அடிச்சு, சூரியனைச் சுத்தி நிறுத்தோணும். முடியுமாடா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுப்போட்ட? லாரிக்கே பாடி கட்டற பட்டறை இது. கிரகம் என்ன, அண்டத்தையே கட்டி லாரில ஏத்தித் தாட்டிவிடறேன்."

"அண்டமெல்லாம் வேண்டாஞ் சாமி. இந்தச் சீட்டுல இருக்கறதை மட்டும் கட்டு. பேரு, நெறம், வரிசை எல்லாம் எழுதியிருக்கறேன். தெரியலீன்னா ஒரு கார்டு போடு."

"எனக்குத் தெரியாத கிரகமா?"

"அதுதான்டா எனக்குப் பயமே."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டை மடித்தபடியே பலகை இடுக்கில் செருகி வைத்தேன். படிக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, ரெட் ஆக்சைடு தோய்ந்த பிரஷ்ஷைத் துடைக்கக் கைக்கு எது கிடைக்கிறதென்று பார்க்காமல் இழுத்தேன். வந்தது உன் சீட்டு. விரித்துப் பார்த்தபோது முதல் வரி மட்டும் பிழைத்திருந்தது. "சூரியன் நடுவில்." அதற்குக் கீழே எல்லாம் துருச் சிவப்பு.

ஒரு கார்டு போட்டிருக்கலாம். எட்டு நாள் இருந்தது. ஆனால் பட்டறை முழுக்க, எங்க அக்கா பள்ளிக்கூடத்துக்கு நான் ஆகாயம் கட்டுகிறேன் என்று தமுக்கு அடித்துவிட்டேன். இப்போது போய், என்ன எழுதியிருந்தாய் என்று கேட்பதா? அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். நவக்கிரக மேடையைச் சுற்றி வந்தபோது எனக்குக் கண் திறந்தது. நடுவில் சூரியன்! சீட்டிலும் சூரியன் நடுவில், இங்கேயும் சூரியன் நடுவில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பீடிக் கட்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்குச் சிவப்புத் துணி, புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள், சுக்கிரனுக்கு வெள்ளை, சனிக்குக் கறுப்பு. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்றும் குறித்துக்கொண்டேன். குருக்கள் என்னைப் பார்த்து, பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ பெரிய சிக்கல் என்று நினைத்து, அர்ச்சனை செய்யட்டுமா என்று கேட்டார்.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை அக்கா. அதை நீயே ஒத்துக்கொண்டாய். சூரியனுக்கு லாரி ஹெட்லைட், பேட்டரியில் எரியும். சுற்றி எட்டு மரப்பந்து, இரும்புக் கம்பிகளின் முனையில். கீழே சைக்கிள் செயினும் பல்சக்கரமும், பிடியைச் சுற்றினால் எட்டும் கிளம்பும். ஒவ்வொரு பந்துக்கும் கண் எழுதினேன். சனிக்கு முறுக்கு மீசை. ராகுவுக்கும் கேதுவுக்கும் பாம்புத் தலை, அதில் ஒன்று நாக்கை நீட்டியபடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி கோயிலில் இருப்பது போலவே திருப்பி நிறுத்தினேன். அடியில் ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். உனக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று.

அதிகாரி வரும் நாள் காலையில் பட்டறையிலிருந்து சேலம் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆண்டகளூர் கேட்டில் வண்டி சூடேறி நின்றது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பள்ளிக்கூட வாசலில் லாரி நின்றபோது மணி பத்தே கால். நீ கேட்டில் நின்றுகொண்டிருந்தாய். திட்டக்கூட நேரமில்லாத முகம்.

வகுப்பில் இறக்கி வைத்துத் துணியை எடுத்தேன். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தவர், "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். நீ ஒரு சுற்று வந்தாய். இன்னொரு சுற்று வந்தாய். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

"தம்பி, பூமி எங்கடா?"

"என்னக்கா?"

"பூமி. நாம நிக்கறமே, அது எங்க?"

நான் தரையைக் காட்டினேன். "அது கீழதானக்கா இருக்குது?"

உன் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சந்திரனைக் கொண்டாந்து வெச்சிருக்கற. ராகு கேது வேற, பாம்புத் தலையோட. பூமியைக் காணோம். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ ஒண்ணையும் காணோம். வியாழன் புதனை விடச் சின்னதா இருக்குது. நான் எழுதிக் குடுத்த சீட்டு என்னாச்சு?"

"பெயின்ட்ல போயிடுச்சுக்கா. கோயில்ல பாத்துச் செஞ்சேன்."

நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பாம்பு ரெண்டையும் கழட்டு. சந்திரனையும் கழட்டு. வெரசா."

"கழலாதுக்கா. கேஸ் வெல்டிங். பத்து வருஷம் ஆனாலும் அசையாது." இதை ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதே வார்த்தை வாயில் மண்ணாக இருந்தது.

"அப்ப மூடு. துணியைப் போட்டு மூடு. யாரும் தொறக்க வேண்டாம். நான் போர்டுல படம் போட்டு நடத்திக்கறேன்."

மூடினேன். சாக்பீஸை எடுத்து நீ போர்டில் முதல் வட்டத்தைப் பாதி போட்டிருப்பாய், வெளியே ஜீப் சத்தம். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் வந்துவிட்டார்கள். வராந்தாவிலேயே ஹெட்மாஸ்டர் குரல் கேட்டது. "சுத்தற மாடல் சார்! லைட்டு எரியுது சார்! நம்ம டீச்சரம்மா ஏற்பாடு சார்!" நீ கையை ஆட்டினாய். அவருக்கு உன் கை தெரியவில்லை. ஒரே இழுப்பில் துணியை எடுத்துவிட்டுப் பிடியைச் சுற்றவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்த அதிகாரி ஒல்லி ஆள். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. மெதுவாகப் பேசுகிறவர். குனிந்து ஒவ்வொரு பந்தாகப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகிறதே. இது எது?"

"சனிங்க சார்" என்றேன் நான்.

"மீசை வைத்திருக்கிறது."

"ஆமாங்க சார்."

"இது?"

"ராகுங்க."

"இது?"

"கேதுங்க."

"பூமி எது?"

ஹெட்மாஸ்டர் பிடியை விட்டுவிட்டார். செயின் இழுப்பில் பந்துகள் இன்னும் கொஞ்சம் சுற்றி, கேது அதிகாரிக்கு நேர் எதிரே நாக்கை நீட்டியபடி வந்து நின்றது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் போல.

"இதைச் செய்தது யார்?"

"நானுங்க. டீச்சரம்மாவோட தம்பி."

"யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள்?"

அக்கா, இந்த இடத்தை நான் எழுதிவிட வேண்டும். நாற்பது வருஷமாக இந்த இடத்தில்தான் கதையைத் திருப்பிவிட்டிருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஆறாம் வகுப்புப் பாதியில் ஒரு வாத்தியார் எல்லார் முன்னாலும் பெஞ்சு மேல் நிற்க வைத்த பையனாக மறுபடி ஆகிவிட்டேன். வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அக்கா எழுதிக் குடுத்த சீட்டுலதானுங்க இருந்துச்சு. எழுத்துக்கு எழுத்து அப்படியே செஞ்சனுங்க."

அவர் உன் பக்கம் திரும்பினார். "அப்படியா அம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பந்தலில் சொன்னபோதும் அந்தப் பார்வையை நான் கதையில் சேர்த்ததே இல்லை. சேர்க்கத் தெரியவில்லை. உன் வேலை அந்தப் பார்வைக்குள் நின்றது. மச்சானின் இடுப்பு நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீட்டைத் தொலைத்தவன் இவன் என்று. சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"சீட்டு நான் எழுதுனதுதானுங்க சார்" என்றாய். "கட்டறப்பப் போய்ச் சரிபாக்காததும் நான்தானுங்க."

இரண்டும் உண்மை. நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் பொய்யைத் திருத்தாமல் விட்டாய், அவ்வளவுதான். அவர் பேனாவை எடுத்து நோட்டில் ஒரு வரி எழுதினார். நிப்பு தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இந்தக் கருவி இல்லாமல் பாடம் நடத்த முடியுமா?"

"முடியுங்க சார். கால் மணி நேரம் குடுங்க."

"பத்து நிமிஷம்."

நீ என் பக்கம் வந்தாய். கோபம் எதுவும் இல்லாத குரலில் கேட்டாய். "லாரி இன்னும் நிக்குதா? ஸ்டெப்னி இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"உருட்டிக்கிட்டு வா. டிரைவர்கிட்ட ஒரு மணி நேரத்துல குடுத்தர்றம்னு சொல்லு."

நான் டயரை உருட்டிக்கொண்டு வருவதற்குள் நீ சமையல் கொட்டகையிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் ஒரு முறம் நிறையச் சாமான் வாங்கி வந்திருந்தாய். பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்கிவிட்டாய். கொடிக்கம்பத்துப் பக்கத்தில் டயரை நிறுத்தச் சொல்லி, வகுப்பு மீட்டர் கோலை அதன் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தாய். கோலும் டயரும் ஒரே அகலம். உன் உதடு மறுபடி ஓடியது. சிலேட்டு ஒன்றில் எதையோ பெருக்கினாய், அழித்தாய், பெருக்கினாய். அதிகாரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த டயர்தான் சூரியன்" என்றாய். குரல் முதலில் கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாகிவிட்டது. "சூரியன் இவ்வளவு பெருசுன்னா புதன் ஒரு பச்சைப் பயறு. நாப்பது அகலக் காலடி எட்டு வெச்சு நில்லு கண்ணு. அதுதான் சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது, ரொம்ப வேகமா சுத்தறது. வெள்ளி ஒரு நிலக்கடலைப் பருப்பு, எழுபத்தேழு எட்டு. விடியக்காலையும் சாயங்காலமும் பளிச்சுன்னு பாக்கறமே, அதுதான். அது மேகத்தைப் போத்திக்கிட்டுச் சூட்டை வெளிய விடாது, அடுப்பு மாதிரி கொதிக்கும்."

அடுத்ததை எடுக்கும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. "மூணாவது பூமி. இதுவும் ஒரு நிலக்கடலைப் பருப்புதான். நூத்தி ஏழு எட்டு."

ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டே நடந்து, மைதானத்துக் கோடியில் நின்று கையை விரித்துப் பார்த்தது. அங்கிருந்தே கத்திக் கேட்டது. "டீச்சர், நாம இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் கண்ணு. கீழ போட்டறாத, வேற இல்ல."

அதிகாரியின் நாற்காலி முன்னால் நகர்ந்தது. செவ்வாய் இன்னொரு பச்சைப் பயறு, துருப்பிடித்த மண்ணால்தான் அதற்குச் சிவப்பு என்றாய். வேலியைத் தாண்டி ஒரு பையன் அதை வைத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு மைதானம் போதவில்லை. வியாழன் மட்டை உரித்த தேங்காய், ஐநூற்று அறுபது எட்டு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும். ஹெட்மாஸ்டர் பாவம், தானே போகிறேன் என்று தேங்காயைச் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். சனிக்குச் சாத்துக்குடி. ஆயிரம் எட்டுக்கு மேல், ஏரிக்கரை தாண்டி. பிள்ளைகள் நான் நான் என்று கை தூக்கினார்கள்.

"குழந்தைகள் ரோட்டுப் பக்கம் போக வேண்டாம்" என்றார் அதிகாரி. பேனாவால் என்னைக் காட்டினார். "இவர் போகட்டும்."

சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் உன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், யுரேனஸ் படுத்த வாக்கிலேயே உருண்டு போகும் என்றாய். புளூட்டோ ஒரு கேழ்வரகு, இங்கே இடமில்லை, அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றாய். அந்தக் காலத்தில் புளூட்டோவும் கணக்கில் இருந்தது. "இதுக்கு அடுத்த சூரியனை வைக்கோணும்னா? இன்னொரு டயரை எங்க நிறுத்தறது?" என்று கேட்டாய். யாரோ மதராஸ் என்றார்கள், யாரோ டெல்லி என்றார்கள். "இந்த உலகத்துல எங்க கொண்டுபோய் வெச்சாலும் தூரம் பத்தாது" என்று நீ சொன்னதுதான் என் காதில் கடைசியாக விழுந்தது.

ஏரிக்கரையில் நின்றேன். உச்சி வெயில். திரும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு. கொடிக்கம்பத்தடியில் ஒரு கறுப்புப் புள்ளி, அது டயராக இருக்கலாம். சுற்றி வெள்ளை வெள்ளையாக அசைந்தது பிள்ளைகள். நூற்று ஏழாவது எட்டில் நின்ற அந்த ரெட்டைச் சடை எது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எது என்றும் தெரியவில்லை. அதிகாரி கேள்வி கேட்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, நீ அழுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தமும் இவ்வளவு தூரம் வராது. கையில் பழம் பிசுபிசுத்தது. வா என்று யாராவது கை காட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காட்டவில்லை. போட்டுவிட்டு ஓடிவரலாம் என்று தோன்றியது. ஆனால் சனி இடத்தை விட்டு நகர்ந்தால் அதற்கும் உன்மேல் ஒரு வரி எழுதிவிடுவாரோ என்று பயம்.

வெள்ளாடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருத்தி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, பழத்தை வெச்சுக்கிட்டு வெயில்ல எதுக்கு நிக்கறீங்க?"

"நான் சனிங்க."

"அது பாத்தாவே தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஒவ்வொரு கதையிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் முக்கால் மணி நேரம் இருக்கும். பிறகு ரோட்டில் தூசு கிளம்பியது. அந்த ஜீப் என்னைத் தாண்டிப் போனது. முன் சீட்டில் அவர். சட்டென்று கையைத் தூக்கிக் கும்பிட்டேன், சாத்துக்குடியோடு. அவர் பார்த்தார். சிரித்தாரா என்று கேட்பார்கள், சிரித்தார் என்று சொல்வேன். பார்த்தார், அவ்வளவுதான். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன். டயரைத் தாண்டும்போதே கேட்டேன். "என்னக்கா எழுதுனாரு?"

நீ முறத்தில் பயறையும் பருப்பையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாய். "பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு."

"அப்பாடா!"

"கருவி தயாரிப்புல கவனக்குறைவுன்னும் எழுதியிருக்காரு."

அந்த ஒரு வரியைத் தாளாளர் பிடித்துக்கொண்டார். நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அந்த ஒரு வருஷமும் நீ ஒவ்வொரு காலையும் இன்றைக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டினாய். மச்சான்தான் எனக்குச் சொன்னார், நீ சொல்லவில்லை. அடுத்த ஆய்வில் எல்லாம் சரியானது, முப்பது வருஷம் வேலை பார்த்தாய், ஹெட்மிஸ்ட்ரஸாக ஓய்வு பெற்றாய். ஆனால் அந்த வரியை யாரும் அழிக்கவில்லை. உன் பெயருக்கு நேரே, என் கை எழுதியது போல, அது அந்த ரெஜிஸ்டரில் கிடந்தது.

என்னிடம் நீ அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை. அன்று சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது. "சனி எங்க இருக்குதுன்னு இனி உனக்கு மறக்காதுடா" என்றாய். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது அக்கா.

அதற்குப் பிறகு என் வாய் என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். முதலில், அக்கா சீட்டில் பூமியை எழுத மறந்துவிட்டாள் என்று சிரிப்புக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கல்யாணத்தில், டயர் யோசனை என்னுடையது என்று சேர்த்துக்கொண்டேன். உன் மகளே அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். "எங்கம்மா சயின்ஸ் டீச்சர், ஆனா பூமியை மறந்துட்டாங்க" என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் அதைச் சொன்னபோது நீ எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

போன மாதம் உன் பள்ளிக்கூடத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உன்னிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஓமலூரில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, "நான்தானுங்க அன்னைக்குப் பூமியைக் கையில வெச்சிருந்தவ" என்றார். பிறகு உன் மகள், "மாமா பேசட்டும், மாமா கதை இல்லாம எப்படி?" என்று என்னை எழுப்பினாள். எல்லோரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்தார்கள்.

நான் சொல்லிவிட்டேன் அக்கா. நின்ற இடத்தில் நின்று, ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். சீட்டு சரியாக இருந்தது, படிக்காமல் பாழாக்கியது நான். கேட்டபோது பொய் சொல்லி உன்மேல் போட்டது நான். டயர் உன் யோசனை. அந்த வரி உனக்கு உரியது இல்லை, எனக்கு உரியது.

பிறகு உன் மகள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மைக்கில் சொன்னாள். "எங்க மாமா எப்பேர்ப்பட்ட மனுசன்னு பாருங்க. அம்மா செஞ்ச தப்பைக்கூட இன்னைக்குத் தன் தலைமேல போட்டுக்கறாரு. அக்கா பேருக்கு ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாதுன்னு!"

கைதட்டினார்கள் அக்கா. எழுந்து நின்று தட்டினார்கள். ஓமலூர் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். இல்லைங்க, இல்லைங்க என்று சொன்னேன். சொல்லச் சொல்லத் தட்டல் அதிகமானது. யாரோ என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டார்கள்.

அந்தத் துண்டு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. உதறிப் போடவும் முடியவில்லை, போர்த்திக்கொள்ளவும் முடியவில்லை. ஊரில் இனி யாரிடம் சொன்னாலும் அது என் பெருமையாகத்தான் திரும்பி வரும். அதனால் இது உனக்கு மட்டும். சீட்டு சரியாக இருந்தது. நீ பூமியை மறக்கவில்லை.

உன் தம்பி